ஒழுகுறது டைல்ஸ் இல்லை, ஜாயின்ட்

(பாட்காஸ்ட் அத்தியாயத்தின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு நாம பேசப்போறது ஒரு 6 மில்லிமீட்டர் இடைவெளியைப் பத்தி. பாத்டப்புக்கும் சுவருக்கும் நடுவுல, ஷவர் பக்கத்து ரெண்டு பேனலுக்கு நடுவுல, தரையும் சுவரும் சேர்ற மூலையில இருக்கே, அந்த இடைவெளி.

"பாத்ரூம் ஒழுகுது"ன்னு சொன்னா நம்ம வீடுகள்ல என்ன நடக்கும்? முதல்ல வொயிட் சிமெண்ட் வாங்கிட்டு வந்து டைல்ஸ் இடுக்கெல்லாம் தேய்ப்பாங்க. கொஞ்ச மாசம் தாங்கும். மறுபடி ஒழுகும். அடுத்து சிலிக்கான் ட்யூப். அதுவும் கொஞ்ச நாள். கடைசியில "டைல்ஸே சரியில்ல, மொத்தமா மாத்திடலாம்"னு ஒருத்தர் சொல்வார். மாத்துவோம். அடுத்த மழைக்காலத்துல கீழ் ஹால் சீலிங்ல அதே மஞ்சள் வட்டம், அதே இடத்துல.

ஏன்னா டைல்ஸ் ஒழுகாது. பிவிசி பேனல் ஒழுகாது. அக்ரிலிக் டப் ஒழுகாது. இதுல எதுக்குள்ளயும் தண்ணி ஊடுருவிப் போறதில்லை. ரெண்டு பொருள் சேர்ற கோட்டுலதான் தண்ணி உள்ள போகுது. அந்தக் கோட்டை யாரு யோசிச்சு வடிவமைச்சாங்கன்னு கேட்டா, பெரும்பாலும் யாரும் இல்லை. இந்த எபிசோட்ல நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். ஜாயின்ட்டுங்கிறது அதுல தடவுற பசை கிடையாது. அது ஒரு வடிவம். வடிவம் சரியா இருந்தா பசைக்கு வேலை குறைவு. வடிவம் தப்பா இருந்தா எவ்வளவு விலை உயர்ந்த பசையும் தோத்துப்போகும்.

நன்னிலத்துல இருந்து ஒரு கேள்வி

இந்தத் தலைப்பை எடுக்கக் காரணம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ். அவங்க சென்னையில வேலை பார்க்கிறாங்க. அப்பா அம்மா இருக்கிறது திருவாரூர் மாவட்டம் நன்னிலத்துல. பழைய வீட்டு மேல மாடி எடுத்து, அங்க புதுசா ஒரு பாத்ரூம் கட்டியிருக்காங்க. இப்போ மாடி பாத்ரூம் சுவர்ல பூச்சு பொரியுது, கீழ் அறை சுவர்லயும் அடிப்பக்கம் உப்பு பூத்து உதிருது. ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "ரெண்டு இடத்துலயும் பிவிசி பேனல் அடிச்சிடலாம், ஒரே நாள் வேலை, கண்ணுக்கே தெரியாது"ன்னு விலை சொல்லியிருக்கார். "செய்யலாமா?"ங்கிறது அவங்க கேள்வி.

"கண்ணுக்கே தெரியாது"ங்கிறாரே, அதுதான் எனக்குக் கவலை. அதுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி அந்த ஊரைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும்.

நன்னிலம், மயிலாடுதுறைக்கும் திருவாரூருக்கும் நடுவுல இருக்கிற ஊர். சுத்தி வயல். முடிகொண்டான் ஆறு, பூந்தோட்டம் பக்கம் அரசலாறு, அதுல இருந்து பிரியுற வாய்க்கால்கள். காவிரியில தண்ணி வந்துட்டா நிலத்தடி ஈரம் மேல ஏறிடும். அப்புறம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. வருஷத்துல பாதி நாள் சுவர் காயறதுக்கு அவகாசமே கிடையாது. ரெண்டாவது, மண். டெல்டாவோட களிமண் ஈரத்துல உப்பும், கோடையில சுருங்கி வெடிக்கும். அறுவடை முடிஞ்ச வயல்ல பாதம் போற அளவுக்கு வெடிப்பு பார்த்திருப்பீங்க. அதே மண்ணு மேலதான் வீடும் நிக்குது. அஸ்திவாரம் நல்லாவே இருந்தாலும் வீடு வருஷா வருஷம் கொஞ்சம் அசையும். மயிரிழை அளவுதான். ஆனா சுவரும் தரையும் சேர்ற மூலைக்கு அந்த மயிரிழை போதும்.

ஆக, நம்ம ஜாயின்ட்டுக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு ஈரம். இன்னொண்ணு அசைவு.

தண்ணி எப்படி உள்ள நுழையுது

தண்ணி கீழதான் ஓடும்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். பெரிய அளவுல அது சரி. சின்ன இடுக்குல தண்ணி மேலயும் ஏறும். விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற அதே கதைதான். அரை மில்லிமீட்டர் இடைவெளியில நெருக்கமா நிக்கிற ரெண்டு சுத்தமான கண்ணாடித் தகட்டை தண்ணியில நிறுத்தினா, நடுவுல தண்ணி கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் ஏறும். இடைவெளி 0.1 மில்லிமீட்டர்னா 15 சென்டிமீட்டர் வரைக்கும் ஏறும். இடுக்கு எவ்வளவு சின்னதோ அவ்வளவு உயரம்.

இதுல ஒரு முரண் இருக்கு பாருங்க. "இறுக்கமா வச்சு அடிச்சா ஒழுகாது"ன்னு நாம நினைக்கிறோம். முழுசா மூடாத, ஆனா இறுக்கமான இடுக்குதான் தண்ணியை உறிஞ்சி இழுக்கும். 5 மில்லிமீட்டர் திறந்த இடைவெளி அப்படி இழுக்காது. தண்ணி சொட்டா விழுந்துடும்.

அடுத்தது அசைவு. இங்க ஒரு சின்ன கணக்கு. ஒன்றரை மீட்டர் நீள அக்ரிலிக் டப். அதுல சுடுதண்ணி விடறீங்க, 20 டிகிரி சூடு ஏறுதுன்னு வைங்க. டப்போட நீளம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கூடும். பக்கத்துல ஒட்டியிருக்கிற செராமிக் டைல்ஸ் அதே சூட்டுக்கு 0.2 மில்லிமீட்டர்தான் விரியும். பத்துல ஒரு பங்கு. பிவிசி பேனலும் பிளாஸ்டிக்தான். 8 அடி பேனல் அதே 20 டிகிரிக்கு 3 மில்லிமீட்டர் பக்கத்துல நீளும். இப்படி ஒண்ணு இழுக்க, ஒண்ணு அசையாம நிக்க, நடுவுல நீங்க தேய்ச்ச வொயிட் சிமெண்ட் என்ன பண்ணும்? அதுக்கு வளையத் தெரியாது. உடையும்.

எடையும் இருக்கு. டப்புல 200 லிட்டர் தண்ணி, உள்ள ஒரு ஆள். 260, 270 கிலோ வந்துடுது. டப் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழ இறங்கும். குளிச்சு முடிச்சு தண்ணி போனதும் மேல வரும். ஒவ்வொரு குளியலுக்கும் அந்த ஜாயின்ட் ஒரு தடவை வாயைத் திறந்து மூடுது.

சிலிக்கான் இல்லாத காலத்து ஜாயின்ட்

அப்போ இதுக்கு வழி? அந்த நேயர் வீட்டுத் தெருவிலயே அநேகமா இருக்கும். ஓட்டு வீடு.

நாட்டு ஓட்டைப் பாருங்க. பாதிக் குழாய் மாதிரி வளைஞ்ச சின்ன ஓடு. ஒரு வரிசை மல்லாக்க, அது மேல ஒரு வரிசை குப்புற. மேல் ஓடு கீழ் ஓட்டு மேல ஏறி உட்கார்ந்திருக்கும். ஓட்டுக்கு நடுவுல பசை இல்லை, ரப்பர் இல்லை. ஆயிரக்கணக்கான ஜாயின்ட், எல்லாமே திறந்த ஜாயின்ட். இருந்தும் ஐப்பசி அடைமழைக்கு வீட்டுக்குள்ள மனுஷன் படுத்துத் தூங்கியிருக்கான். எப்படி? தண்ணி ஓடுற திசையைப் பார்த்து ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தியிருக்காங்க. ஒரு ஓட்டுல இருந்து விழுற தண்ணி அடுத்த ஓட்டு முதுகுலதான் விழும். உள்ள போக வழியே இல்லை. குரங்கு கலைச்சு விட்டாத்தான் ஒழுகும்!

மங்களூர் ஓடு இதுல அடுத்த கட்டம். பாசல் மிஷன்காரங்க 1865-ல மங்களூர்ல ஆலை ஆரம்பிச்சு இதைச் செஞ்சாங்க. ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிற ஓட்டுக்கு அதுக்கு முன்னாடியே பிரான்ஸோட அல்சாஸ் பகுதியில கிலார்டோனி சகோதரர்கள் 1841-ல காப்புரிமை வாங்கியிருந்தாங்க. ஒரு மங்களூர் ஓட்டைக் கையில எடுத்து ஓரத்தைத் தடவிப் பாருங்க. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் வரப்பு. பக்கத்து ஓட்டோட வரப்பு இந்தப் பள்ளத்துல உட்காரும். காத்தடிச்சு கொஞ்சம் தண்ணி ஓரமா நுழைஞ்சாக்கூட அந்தப் பள்ளத்துல விழுந்து, கீழ ஓடி, அடுத்த ஓட்டு மேல வெளியேறிடும்.

இதை நல்லா கவனிங்க. அந்த ஓடு "தண்ணி உள்ளயே வராது"ன்னு சத்தியம் பண்ணலை. "கொஞ்சம் வரும், வந்தா இந்த வழியா வெளிய போகும்"னு ஏற்பாடு பண்ணியிருக்கு. வயல்ல வடிகால் வெட்டாம வரப்பை மட்டும் உசத்திக்கிட்டே போற விவசாயி யாராவது இருக்காங்களா? அதே புத்திதான் இது.

ஒட்டுத் தளம் போட்ட பழைய மாடிகள்லயும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணி, வெல்லத் தண்ணி தெளிச்சு நாள்கணக்குல அடிச்சு இறுக்குவாங்க. மொட்டை மாடியும் கைப்பிடிச் சுவரும் சேர்ற மூலையை கூர்மையா விடமாட்டாங்க, உருட்டி சாய்வா பூசுவாங்க. ஏன்னா கூர் மூலையிலதான் வெடிப்பு முதல்ல வரும், தண்ணியும் அங்கதான் தேங்கும்.

ஏறி உட்கார்றது, வெளிய போக வழி, உருட்டின மூலை, எல்லாத்துக்கும் கீழ ஒரு வாட்டம். இந்த நாலையும் அப்படியே பாத்ரூமுக்குக் கொண்டு வாங்க.

டப்பும் பேனலும் சேர்ற இடம்

சுவர் ஓரமா வைக்கிறதுக்குன்னே செஞ்ச டப்புல, சுவர்ப் பக்கம் இருக்கிற விளிம்புல ஒரு சின்ன வரப்பு மேல எழும்பி நிக்கும். சுமார் 2 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஃப்ளாஞ்ச்னு சொல்வாங்க. பேனலோ டைல்ஸோ அந்த வரப்புக்கு முன்னாடி, அது மேல ஏறி இறங்கி வரணும். ஓட்டு மேல ஓடு மாதிரி. பேனலோட அடி விளிம்பு டப் மேல முட்டக்கூடாது. 3-லிருந்து 6 மில்லிமீட்டர் தூக்கி நிறுத்தணும். அந்த இடைவெளியிலதான் சிலிக்கான் வரும்.

இப்படி இருந்தா, நாளைக்கே சிலிக்கான் பிஞ்சாலும் உள்ள போற தண்ணி வரப்புல மோதித் திரும்ப டப்புக்குள்ளயே விழும். சிலிக்கான் முதல் காவல்காரன், வரப்பு ரெண்டாவது காவல்காரன்.

நம்ம ஊர்ல விக்கிற டப்புல நிறைய இந்த வரப்பு இல்லாதது. செங்கல் கட்டி, மேல இறக்கி வச்சு, சுத்தி டைல்ஸ் ஒட்டுற ரகம். அதுல விளிம்பு தட்டையா இருக்கும். அதை சுவரோட ஒட்டி வச்சா ஒரே ஒரு காவல்காரன்தான். அதனால அந்த மாதிரி டப்பை சுவர்ல இருந்து தள்ளி வைங்க. இல்லைன்னா, விளிம்பு மேல எல் வடிவப் பட்டை ஒண்ணு ஒட்டி வரப்பை நாமே உண்டாக்கிட்டு, அப்புறம் டைல்ஸ் ஏத்தணும்.

பேனலுக்கும் பேனலுக்கும் நடுவுல வர்ற ஜாயின்ட்டுல நாக்கும் பள்ளமும் மாதிரி கோத்துக்கிற ரகம் நல்லது. கோக்கறதுக்கு முன்னாடி பள்ளத்துக்குள்ள சிலிக்கான் விடணும். கோத்த அப்புறம் மேல கோடு இழுக்கிறது வெறும் அழகுக்குத்தான். மூலையில ரெண்டு பேனலையும் முட்டி நிறுத்தாம, அதுக்குன்னு வர்ற மூலைப் பட்டையைப் போட்டு, அந்தப் பட்டைக்குள்ள பேனல் விரியறதுக்கு சில மில்லிமீட்டர் இடம் விடணும். பேனல் மேலயும் கீழயும் இறுக்கமா முட்டி நின்னா, சூட்டுல வயிறு தள்ளும். அப்புறம் ஜாயின்ட் தானா பிரியும்.

குழாய் வெளிய வர்ற ஓட்டையை மறந்துடாதீங்க. ஷவர் மிக்சர் பின்னாடி பேனல்ல ஓட்டை பெருசா வெட்டி, மேல ஸ்டீல் மூடி போட்டு மறைச்சிடுவாங்க. ஷவர் தண்ணி நேரா அடிக்கிற இடமே அதுதான். மூடியைப் போடுறதுக்கு முன்னாடி குழாயைச் சுத்தி சிலிக்கான் விடணும். மூடியோட அடிப்பக்கம் மட்டும் ஒரு சின்ன இடைவெளி விட்டுடுங்க. உள்ள எங்கயாவது கசிஞ்சா அந்த வழியா வெளிய தெரியட்டும்.

சிலிக்கான் போடுறதும் ஒரு கைவேலை

வாடகை வீட்டுல இருக்கிறவங்க கவனிங்க. சுவரை உடைக்க உங்களால முடியாது, ஆனா இதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில செய்யலாம்.

பழைய சிலிக்கான் மேலயே புதுசைப் போடாதீங்க. பழைய சிலிக்கான் மேல எதுவும் சரியா ஒட்டாது, புது சிலிக்கானும் சரியா ஒட்டாது. பழசை முழுசா சுரண்டி எடுத்து, சோப்பு எண்ணெய் எதுவும் இல்லாம துடைச்சு, முழுசா காயவிடணும். ஒரு நாள் அந்த பாத்ரூமைப் பயன்படுத்தாம இருந்தா நல்லது. கருப்பு பூஞ்சை இருந்தா முதல்ல அதைக் கொல்லணும்.

டப்பா இருந்தா, போடுறதுக்கு முன்னாடி தண்ணியை நிரப்புங்க. நிரப்பினா டப் கீழ இறங்கி, இடைவெளி அகலமா திறந்திருக்கும். அந்த நிலைமையில சிலிக்கானைப் போட்டு, காயற வரைக்கும் தண்ணியை விட்டு வைங்க. அப்புறம் தண்ணியைத் திறந்தா டப் மேல வந்து சிலிக்கானை லேசா அழுத்தும். இழுபடறதை விட அழுத்தப்படறது அதுக்கு சுலபம்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது. சிலிக்கான் ரெண்டு பக்கம் மட்டும் ஒட்டணும். மூணாவது பக்கமா, இடுக்கோட அடியிலயும் ஒட்டிடுச்சுன்னா, அதால ரப்பர் பேண்ட் மாதிரி இழுபட முடியாது, கிழிஞ்சிடும். அதுக்குத்தான் அகலமான இடுக்குல முதல்ல ஒரு ஃபோம் கயிறை உள்ள அழுத்துவாங்க. பேக்கர் ராடுன்னு கேட்டா ஹார்டுவேர் கடையில தெரியும். அது மேல சிலிக்கான். அகலத்துல பாதி ஆழம் போதும்.

ட்யூபைப் பிழிஞ்சதும் வினிகர் வாசனை வந்தா அது அமிலம் விடுற ரகம். கண்ணாடிக்கு பரவாயில்லை. சிமெண்ட், மார்பிள், பித்தளை, தாமிரம் இருக்கிற இடத்துக்கு ஆகாது. "நியூட்ரல்"னு எழுதியிருக்கிறதை வாங்குங்க, பாத்ரூமுக்குன்னு பூஞ்சைத் தடுப்பு சேர்த்தது கிடைக்கும். போட்டு ரெண்டு மணி நேரத்துல ஷவரைத் திறந்துடாதீங்க. ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான் காயும்.

இவ்வளவும் செஞ்சாலும் சிலிக்கானுக்கு ஆயுள் உண்டு. செருப்பு மாதிரி, தேயும், மாத்தணும். அதனாலதான் பின்னாடி இன்னொரு ஏற்பாடு வேணும்னு சொல்றேன்.

டைல்ஸுக்குப் பின்னாடி இருக்கிற பாத்ரூம்

நல்லா கட்டின பாத்ரூம்ல உண்மையா தண்ணியைத் தடுக்கிறது நீங்க பார்க்கிற டைல்ஸோ பேனலோ இல்லை. அதுக்குப் பின்னாடி தடவியிருக்கிற வாட்டர்ப்ரூஃப் பூச்சுதான். டைல்ஸ் நடுவுல இருக்கிற சிமெண்ட் க்ரௌட் தண்ணியை உறிஞ்சும். எபாக்சி க்ரௌட் உறிஞ்சாது, ஆனா வளையாது. அதனால மூலையில எபாக்சியையும் நம்ப முடியாது.

பூச்சு போடுறப்போ மூணு இடம்தான் முக்கியம். முதல்ல, தரையும் சுவரும் சேர்ற மூலை. அங்க கலவையில உருட்டிப் பூசி, கொசுவலை மாதிரி ஃபைபர் வலையை பூச்சுக்குள்ள புதைக்கணும். ரெண்டாவது, நானி ட்ராப். தரையில தண்ணி இறங்குற ஜாலிக்கு அடியில இருக்குமே, அது. பிளாஸ்டிக் ட்ராப்பைச் சுத்தி கான்கிரீட் ஒட்டாது, மயிரிழை இடுக்கு விடும். பூச்சு அந்த ட்ராப்போட வாய்க்குள்ளயே இறங்கி மடியணும். கீழ் வீட்டு சீலிங்ல வட்டமா கறை வந்தா நான் முதல்ல சந்தேகப்படுறது இந்த இடத்தைத்தான். மூணாவது, ஷவர் பக்கத்துச் சுவர். தரையில இருந்து ஒரு அடி உயரம் ஏத்திட்டு நிறுத்தக்கூடாது, ஷவர் தண்ணி படற உயரம் வரைக்கும் போகணும்.

அப்புறம் டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி தண்ணி கட்டி நிறுத்துங்க. ட்ராப்பை அடைச்சு, ரெண்டு அங்குலத் தண்ணி, 48 மணி நேரம். கீழ போய் அண்ணாந்து பாருங்க. தளத்துக்கு தண்ணி கட்டுறது நம்ம கொத்தனார்களுக்குப் புதுசு இல்லை. பாத்ரூமுக்கு மட்டும்தான் அவசரத்துல விட்டுடறாங்க. வாட்டம் மீட்டருக்கு 10-லிருந்து 15 மில்லிமீட்டர் இருக்கணும், ட்ராப்பை நோக்கி. பூச்சு போடுற தளத்துலயே அந்த வாட்டம் இருக்கணும், டைல்ஸ்ல மட்டும் இருந்தா போதாது.

பணக்கார ஊர்களும் வாங்கின அடி

"வெளிநாட்டுல இதெல்லாம் பர்ஃபெக்ட்டா செய்வாங்க"ன்னு நினைக்காதீங்க. கனடாவோட வான்கூவர்ல 1980-கள்ல இருந்து கட்டின ஆயிரக்கணக்கான அபார்ட்மென்ட்கள் உள்ளுக்குள்ள அழுகிப்போச்சு. வெளிச்சுவரை ஒரே சீரா பூசி, ஜாயின்ட்டையெல்லாம் சீலன்ட் போட்டு அடைச்சிருந்தாங்க. சீலன்ட் எங்கயோ பிஞ்சது, மழைத்தண்ணி உள்ள போச்சு, வெளிய வர வழியில்லை. உள்ள இருந்த மரச்சட்டம் உளுத்தது. 1998-ல அதை விசாரிக்க பாரெட் கமிஷன் போட்டாங்க. நியூசிலாந்துலயும் இதே கதை. 2002-ல அதுக்குன்னு தனிச் சட்டம் கொண்டு வந்தாங்க, 2004-ல கட்டிடச் சட்டத்தையே மாத்தி எழுதினாங்க.

அவங்க கடைசியில போய்ச் சேர்ந்த பாடம் என்ன தெரியுமா? தண்ணியைத் திசை திருப்பு, வந்ததை வடிய விடு, மிச்சத்தைக் காய விடு, தாங்குற பொருளைப் போடு. நம்ம மங்களூர் ஓடு செய்றதும் அதேதான்.

சரி, அந்த பேனல் அடிக்கலாமா?

நன்னிலம் நேயருக்கு என் பதில். இப்போ வேண்டாம். உங்க வீட்டுல இருக்கிறது ரெண்டு வேற வேற பிரச்சினையா இருக்க வாய்ப்பு அதிகம்.

கீழ் அறைச் சுவர்ல அடியில இருந்து ரெண்டு மூணு அடி வரைக்கும், ஒரே மட்டத்துல கோடு போட்ட மாதிரி உப்பு பூத்திருந்தா, அது பாத்ரூம் தண்ணி இல்லை. மண்ணுல இருந்து ஏறுற ஓதம். பழைய சுவர்ல அஸ்திவாரத்துக்கு மேல ஓதத் தடுப்பு அடுக்கு இல்லாம இருக்கலாம். அதுக்கு மேல பிவிசி பேனல் அடிச்சா சுவர் மூச்சு விட முடியாது. ஓதம் காய வழியில்லாம இன்னும் மேல ஏறும். பேனலுக்குப் பின்னாடி பூஞ்சை, மரச்சட்டம் வச்சு அடிச்சிருந்தா கரையான். வயசான அப்பா அம்மா அந்தக் காத்தைத்தான் சுவாசிப்பாங்க.

மாடிச் சுவர் கதை வேற. அங்க மண் இல்லை. அது குழாயா, ஜாயின்ட்டா, வெளிச்சுவர் வெடிப்புல வர்ற மழையான்னு கண்டுபிடிக்கணும். காசு செலவில்லாத வழி இருக்கு. ஒரு வாரம் அந்த பாத்ரூமைப் பயன்படுத்தாதீங்க, ஆனா குழாய்ல தண்ணி வரத்து இருக்கட்டும். ஈரம் குறையலைன்னா குழாய் கசிவா இருக்கலாம். இதை மழை இல்லாத வாரத்துல செய்யணும், இல்லைன்னா குழப்பும். ஈரம் குறைஞ்சா, அடுத்து ட்ராப்பை அடைச்சு தரையில மட்டும் தண்ணி நிறுத்துங்க. கீழ கறை பெருசானா தரை மூலையோ ட்ராப்போ. ஒண்ணும் ஆகலைன்னா, ட்ராப்பைத் திறந்துட்டு சுவர்ல மட்டும் ஷவர் அடிங்க. ஒவ்வொரு சோதனைக்கும் நடுவுல ரெண்டு நாள் விடுங்க, தண்ணி மெதுவாத்தான் வெளிய வரும்.

கறை இருக்கிற இடத்துல லைட்டோ ஃபேனோ இருந்தா, அந்த சர்க்யூட்டை முதல்ல ஆஃப் பண்ணுங்க. சீலிங்ல காரை பெயர்ந்து கம்பி தெரிஞ்சா, இது பாத்ரூம் வேலை இல்லை, கட்டிடப் பொறியாளரைக் கூப்பிடுங்க. துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும், கான்கிரீட்டை உள்ள இருந்து பிளக்கும்.

கசிவை அடைச்சு, சுவர் காஞ்ச அப்புறம் மாடி பாத்ரூம்ல பேனல் போடுங்க, தப்பே இல்லை. நல்ல பொருள்தான், துடைக்க சுலபம். ஆனா அது சட்டை மாதிரி. புண்ணுக்கு மருந்து போட்டுட்டு சட்டையை மாட்டணும்.

அந்த 6 மில்லிமீட்டர் யாரோடது?

கடைசியா ஒண்ணு. குழாய் போடுறது பிளம்பர். பூசுறது கொத்தனார். டைல்ஸ் ஒட்டுறவர் வேற ஆள். பேனல் அடிக்கிறவர் வேற. கண்ணாடிக் கதவு மாட்டுறவர் கடைசியா வந்து வாட்டர்ப்ரூஃப் பண்ண இடத்துலயே ட்ரில்லை இறக்குவார். ஒவ்வொருத்தரும் அவங்க வேலையை ஒழுங்காத்தான் செய்றாங்க. ஆனா ஒருத்தர் வேலை முடிஞ்சு இன்னொருத்தர் வேலை ஆரம்பிக்கிற கோடு இருக்கே, அதுக்குக் கூலி கொடுக்கப்படுறதில்லை, அதனால அதுக்குப் பொறுப்பும் யாருக்கும் இல்லை.

அதனால வேலை பேசுறப்போவே, விலையோட சேர்த்து இதையும் கேளுங்க. மூலைக்கும் ட்ராப்புக்கும் யார் பொறுப்பு? 48 மணி நேரம் தண்ணி நிறுத்துறப்போ எல்லாரும் வந்து பார்ப்பாங்களா? டப்போ பேனலோ எது மேல எது ஏறி உட்காரப் போகுது, ஒரு தாள்ல வரைஞ்சு காட்டுங்க அண்ணேன்னு சொல்லுங்க. சிலிக்கான் பிஞ்சா உள்ள போற தண்ணி எந்த வழியா வெளிய வரும்?

கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் பிய்யாது சார்"னு பதில் வந்தா, வேற ஆளைப் பாருங்க. கொஞ்சம் யோசிச்சு, பென்சிலை எடுத்து சுவர்லயே கோடு போட்டுக் காட்டினார்னா, அவர் கேட்கிற கூலியைக் குறைக்காதீங்க.

உங்க வீட்டு பாத்ரூம் கேள்வி ஏதாவது இருந்தா வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. கறையோட படத்தையும், அது தரையில இருந்து எவ்வளவு உயரத்துல இருக்குங்கிறதையும் சேர்த்து அனுப்பினா பதில் சொல்றது சுலபம். அடுத்த எபிசோட்ல மொட்டை மாடி.